செருப்பு ஆய்வில் நோயாளிகளை எங்கே சேர்ப்பது? எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிய நான்கு கேள்விகள்

காட்பாடி_கோஆர்டினேட்டர் எழுதியது:

வணக்கம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து ஆறியவர்களுக்கு மறுபடியும் புண் வராமல் தடுக்க இரண்டு வகைச் செருப்பை ஒப்பிடும் ஆய்வு இது. ஒரு பிரிவுக்கு வழக்கமான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. இன்னொரு பிரிவுக்கு அதே செருப்போடு, பாத அச்சு எடுத்துச் செய்த உள்தட்டு. 12 மாதம் ஃபாலோ-அப். புண்ணைப் பார்த்துப் பதிகிறவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. மொத்தம் 176 பேர். வேலூர், காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கத்து ஆட்கள் மட்டும். லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் வெளிமாநிலத்தவரைச் சேர்க்கவில்லை, அவர்களால் மாதாமாதம் வர முடியாது.

புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) இரண்டு விஷயம் எழுதியிருந்தோம். ஆலோசனைக் குழுவில் நோயாளிகள் இரண்டு பேர். டிராப் அவுட் குறைய, சக நோயாளிகள் நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்று. கமிட்டி கேட்டிருப்பது:

1. ஆலோசகருக்கு ஒரு கூட்டத்துக்கு 500 ரூபாய் தருவது ஆசை காட்டுவது ஆகாதா? அவர்களிடம் கன்சென்ட் வாங்கப்பட்டதா?
2. வாட்ஸ்அப் குழுவில் ரகசியம் எப்படிக் காக்கப்படும்?
3. இரண்டு பிரிவு ஆட்களும் குழுவில் பேசிக்கொண்டால் ஆய்வு என்ன ஆகும்?
4. குழுவில் ஒருவர் கால் வீங்கிக் காய்ச்சல் என்று எழுதினால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் பதிவார்கள்?

பதில் எழுத மூன்று வாரம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கையெழுத்துப்பக்கம் எழுதியது:

கமிட்டி கேட்டது நியாயமான கேள்விகள். நீங்கள் மூன்று வேறு ஆட்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். முதலில் பிரியுங்கள்.

பங்கேற்பாளர்: கன்சென்ட் கொடுத்து, குலுக்கலில் பிரிவு விழுந்து, தகவல் தருகிறவர். நோயாளி ஆலோசகர்: உங்கள் ஆய்வை உங்களோடு சேர்ந்து வடிவமைக்கிறவர், அவருடைய கால் உங்களுக்குத் தரவு இல்லை. துணையாளர்: இதே நோயைக் கடந்து வந்தவர், பயிற்சி பெற்று, பங்கேற்பாளரோடு பேசுகிறவர். இந்த மூன்று வேலையில் எந்த இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள். துணையாளரே பங்கேற்பாளராகவும் இருந்தால் அவருக்கும் ஒரு பிரிவு விழுந்திருக்கும், தன் செருப்புக்குத்தான் அவர் வக்காலத்து வாங்குவார்.

முதல் கேள்விக்கு: ஆலோசகரிடம் ஆய்வுக் கன்சென்ட் தேவையில்லை, அவர் ஆய்வுக்கு உட்படவில்லை. ரகசியக் காப்பு உறுதிமொழி ஒன்றும், என்ன வேலை, எத்தனை கூட்டம், எவ்வளவு பணம் என்று ஒரு பக்கத் தாளும் போதும். ஆனால் அவர்கள் பேசியதைப் பதிவு செய்து பிறகு கட்டுரையாக்கப் போகிறீர்கள் என்றால் அது தரவு ஆகிவிடும், அப்போது கன்சென்ட் வேண்டும். முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

500 ரூபாய் ஆலோசனைக்கான மதிப்பூதியம். பங்கேற்பாளருக்குத் தரும் பஸ் செலவு வேறு கணக்கு. பட்ஜெட்டில் இரண்டையும் ஒரே வரியில் போட்டதால்தான் கமிட்டிக்குச் சந்தேகம் வந்திருக்கும், இரண்டு வரியாக்குங்கள். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல், பங்கேற்பாளருக்குச் செலவையும் சிரமத்தையும் ஈடு செய்யலாம், ஆசை காட்டும் அளவுக்குப் போகக்கூடாது என்கிறது. சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்துவதையும் அதே ஆவணம் வலியுறுத்துகிறது. மருத்துவ ஆய்வு அறநெறிக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2024 திருத்தம், ஆய்வுக்கு முன்பும் நடுவிலும் பின்பும் பங்கேற்பாளர்களோடும் சமூகத்தோடும் அர்த்தமுள்ள ஈடுபாடு வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டையும் கவரிங் கடிதத்தில் ஒவ்வொரு வரி குறிப்பிடுங்கள், பக்கம் பக்கமாக வேண்டாம்.

நடைமுறையில் மாட்டுவது பணம் கைக்குப் போய்ச் சேரும் வழியில். அக்கவுண்ட்ஸ் பிரிவு பான் கார்டு, வங்கிப் புத்தக நகல், வெண்டர் பதிவு என்று கேட்டு ஒன்றரை மாதம் இழுத்தால் இரண்டாவது கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் அம்மாவுக்கு அரை நாள் வந்து போனால் அத்தனை பீடி குறையும், அன்றைக்கே கூலி போகும். கையெழுத்து வாங்கி அன்றே ரொக்கமாகத் தர அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு தேதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குக் கசக்கும். "டிராப் அவுட் குறைய" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொல்லை எடுத்துவிடுங்கள். ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தகவல் தாளில் எழுதிவிட்டு, விலகாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு நோயாளியை அனுப்பினால் அது அன்பான வற்புறுத்தல். டாக்டர் சொன்னால்கூட மறுக்கிறவர்கள், ஒரே தெருக்காரர் "விட்டுடாதீங்கக்கா" என்றால் மறுக்க மாட்டார்கள். துணையாளரின் நோக்கம் கால் பராமரிப்புக்குத் துணை, சந்தேகத்தை ஆய்வுக் குழுவிடம் கொண்டுசேர்ப்பது, அவ்வளவே.

---

பி_மதிப்பு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதுதான் உங்கள் ஆய்வை உடைக்கக்கூடியது.

176 எப்படி வந்தது என்று ஊகிக்கிறேன். புண் ஆறிய ஒரு வருடத்துக்குள் சுமார் 40% பேருக்குத் திரும்ப வருகிறது என்பது உலக அளவில் பேசப்படும் கணக்கு. அதை 20% ஆக்குவோம் என்று எடுத்து, 80% திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்று போட்டால் பிரிவுக்கு 79 பேர், மொத்தம் 158. பத்தில் ஒருவர் விலகுவார் என்றால் 176. சரிதானே?

இப்போது துணையாளர்களைச் சேர்க்கிறீர்கள். அவர்கள் இரண்டு பிரிவுக்கும் தினமும் காலைப் பாருங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள் என்று சொல்வார்கள். வேலை நன்றாக நடந்தால் சாதாரணச் செருப்புப் பிரிவிலேயே 40% என்பது 30% ஆகலாம். உள்தட்டு அதையும் பாதியாக்கி 15% ஆக்குகிறது என்று வைத்தால்கூட, பிரிவுக்கு 118 பேர் வேண்டும். மொத்தம் 236, விலகலைச் சேர்த்தால் 264. ஆக, துணையாளர் திறமையாக வேலை செய்யச் செய்ய உங்கள் 176 போதாமல் போகும். ஆய்வு "வித்தியாசமில்லை" என்று முடியும், செருப்பைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது பிரிவுகள் கலப்பது. மருந்து ஆய்வில் மாத்திரை ஒரே மாதிரி இருக்கும். அங்கேயே 1986-இல் அமெரிக்காவில் ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்தின் ஆய்வில் நோயாளிகள் சிலர் மாத்திரைகளை லேபில் கொடுத்துப் பார்த்து, தங்களுக்குள் பங்கிட்டும் கொண்டார்கள். சாகக் கிடந்தவர்கள் அவர்கள், குற்றம் சொல்ல ஏதுமில்லை. உங்கள் ஆய்வில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் ஒருவர் செருப்பைப் படம் எடுத்துப் போட்டால், பத்து நிமிடத்தில் "எனக்கு ஏன் அச்சு எடுக்கல?" என்று கேள்வி வரும். மறுநாள் வெளியே காசு கொடுத்து உள்தட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்.

கலக்காமல் பிரிவுவாரியாக 8 பேர் குழுக்கள் வைத்தால்? ஒரே குழுவில் இருப்பவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்தொடர்பு (அந்த ஒட்டுதலின் அளவு) 0.03 என்று வைத்தால் பெருக்க வேண்டிய எண் 1 + (8−1) × 0.03, அதாவது 1.21. 79 பேர் 96 ஆகும், 118 பேர் 143 ஆகும்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன்: குழுவே வேண்டாம். ஒருவருக்கு ஒரு துணையாளர், போனில். பெரிய பட்ஜெட் இருந்தால் ஊர்வாரியாகக் குலுக்கலாம். கேரளத்தில் சர்க்கரை நோய்த் தடுப்புக்குச் சக ஆதரவையே சிகிச்சையாக வைத்துச் சோதித்தபோது அப்படித்தான் செய்தார்கள்: 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1007 பேர், 15 கூட்டங்களில் 12-ஐ ஊர்க்காரர்களே நடத்தினார்கள். இரண்டு ஆண்டில் நோய் வந்தது 14.9%, ஒப்பீட்டுப் பிரிவில் 17.1%. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. 2018-இல் வெளியானது. சக ஆதரவு பெரிய மந்திரமும் இல்லை, வெறும் பேச்சும் இல்லை. ஆனால் அங்கே கேள்வியே அதுதான். உங்கள் கேள்வி செருப்பு.

---

அடிபாதம் எழுதியது:

பி_மதிப்பு சார் கணக்கு சரி, ஆனால் போன் யோசனை இந்தப் பக்கத்தில் பாதிதான் நடக்கும். ஐம்பது தாண்டிய பெண்களிடம் தனி போன் குறைவு. பதிவில் கொடுக்கும் நம்பர் மகனுடையது, அவர் பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். ராத்திரி எட்டு மணிக்குப் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும், ரகசியம் அங்கேயே போயிற்று. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்கள் நிறைய. ஆந்திர எல்லை ஊர்களில் தெலுங்கு. துணையாளரை மொழி பார்த்துப் பிரிக்காவிட்டால் பேச்சு "நல்லா இருக்கேன்" என்பதோடு முடியும். மாதம் ஒருமுறை கிளினிக் வரும் நாளில் 15 நிமிடம் நேரில், நடுவில் தேவையென்றால் போன் என்று வையுங்கள். உள்தட்டுப் பிரிவுக்குச் செவ்வாய், மற்றவர்களுக்கு வியாழன் என்று நாளைப் பிரித்தால் செருப்பு செருப்பைப் பார்க்காது. புண் பார்க்கிற அசெஸருக்கு மட்டும் இந்த நாள் கணக்கு தெரியக்கூடாது, அவரை மூன்றாவது நாளில் தனி அறையில் வையுங்கள். அவர் முன்னால் வரும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆஸ்பத்திரி ஸ்லிப்பர்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஆலோசகர்கள் இரண்டு பேரை புரோட்டோகால் எழுதி முடித்த பிறகு சேர்த்திருக்கிறீர்கள். கமிட்டிக்குப் போன பிறகு அவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு அமெண்ட்மெண்ட், அதாவது மறுபடி கமிட்டிக்குப் போக வேண்டிய திருத்தம். அதனால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள், ஆலோசகர் டீ குடித்துவிட்டுப் போவார். கமிட்டி திருப்பி அனுப்பியதை நல்ல நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று வாரத்தில் இரண்டு கூட்டம் போட முடியும்.

எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் பத்து டாக்டர் நடுவில் வாய் திறக்க மாட்டார்கள். ஆறு பேர் கூப்பிடுங்கள், நான்கு பேர் வருவார்கள். விரல் எடுத்தவர் ஒருவர், வெயிலில் நிலத்தில் வேலை செய்பவர் ஒருவர், பாதியில் சிகிச்சைக்கு வராமல் நின்றுபோனவர் ஒருவர். இந்தக் கடைசி ஆள் ரொம்ப முக்கியம். டாக்டருக்குப் பிடித்த நோயாளிகளை மட்டும் கூப்பிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம், தரைத்தளம், நாற்காலி. தரையில் உட்கார வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர் இருப்பார், சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாதீர்கள். அப்புறம், கூட்ட அறை வாசலைப் போய்ப் பாருங்கள். "காலணிகளை இங்கே விடவும்" என்று பலகை இருந்தால் கழற்றி உள்ளே வையுங்கள். கால் மதமதத்துப் போனவர்களை வெறுங்காலில் நடக்கவிட்டுச் செருப்பு ஆய்வு பேசுகிற இடம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தப் பலகையிலேயே உங்கள் ஆய்வின் ஓட்டையும் இருக்கிறது. நம் ஊரில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். நெதர்லாந்தில் 2013-இல் செருப்புக்குள் சென்சார் வைத்துப் பார்த்தார்கள். வெளியே போகும்போது நடந்த அடிகளில் 87% செருப்போடு, வீட்டுக்குள் 61% தான். வீட்டுக்குள் நடந்த அடிகள்தான் அதிகமும்கூட. வீட்டுக்குள் செருப்பு போடுவதைத் தப்பாக நினைக்காத நாட்டிலேயே அந்த நிலை. குடியாத்தத்தில் அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் யார் எம்.சி.ஆரோடு போவார்? இதை முதல் கூட்டத்திலேயே யாராவது ஒரு அம்மா சொல்லிவிடுவார். வீட்டுக்குள் மட்டும் போட, கழுவித் துடைக்கக்கூடிய தனி ஜோடி இரண்டு பிரிவுக்கும் கொடுப்பீர்களா, உள்தட்டு அதிலும் இருக்குமா என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாவிட்டால் நீங்கள் அளப்பது ரோட்டில் நடந்த நேரத்தை மட்டும்.

இன்னொன்று, அவர்களாகச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள், நீங்கள் கேட்க வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு கரிகிரி, வேலூர் தொழுநோய் வைத்தியத்தோடு வளர்ந்த பொருள். கருப்புச் செருப்பு, பின்பட்டை, தடிமனான அடி என்று பார்த்ததும் "அந்த நோயா?" என்று கேட்கிற ஊர் இது. கல்யாணத்துக்குப் போட்டுப் போக மாட்டார்கள். பழுப்பு நிறம், அகலப் பட்டை, பக்கிளுக்குப் பதிலாக வெல்க்ரோ என்றாலே போடுகிற நேரம் கூடும். பக்கிள் மாட்டக் குனிய முடியாதவர்களும் உண்டு, கண் மங்கியவர்களும் உண்டு.

தகவல் தாளையும் அவர்களிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்ற இடத்தில் நிற்பார்கள், "குலுக்கல்" என்றால் ஓடும். "சோதனை" என்று எழுதினால் ரத்த டெஸ்ட் என்று நினைப்பார்கள், "ஆராய்ச்சி" போடுங்கள். "உணர்விழப்பு" வேண்டாம், "மரத்துப்போதல்" போதும். படித்து முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்வி: எந்தச் செருப்பு என்று யார் முடிவு செய்வார்? வேண்டாமென்றால் வைத்தியம் நிற்குமா? புண் வந்தால் யாருக்குப் போன்? ஆறு பேரில் இரண்டு பேர் முதல் கேள்விக்கு "டாக்டர் பார்த்துக் கொடுப்பார்" என்று சொன்னால், அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

---

கையெழுத்துப்பக்கம் எழுதியது:

அடிபாதம் சொன்ன வரிசைதான் சரி. ஆலோசகர் கூட்டம், திருத்தம், கமிட்டி, சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிவு, அப்புறம் முதல் பங்கேற்பாளர். 2018 ஏப்ரல் 1 முதல் சி.டி.ஆர்.ஐ. முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. பதிந்த பின் செய்யும் மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கமிட்டியில் இருக்கும் சாமானிய உறுப்பினரையே ஆலோசகராகவும் கூப்பிட்டுவிடாதீர்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் உங்கள் ஆய்வைத் தீர்ப்பு சொல்ல இருப்பவர்.

---

காட்பாடி_கோஆர்டினேட்டர் எழுதியது:

ரொம்ப நன்றி. 176 கணக்கு அப்படியே அதுதான் சார். 264-க்கு நிதி இல்லை. வாட்ஸ்அப் குழுவை எடுத்துவிடுகிறோம். நாளைப் பிரிப்பது முடியும், வீட்டுச் செருப்பும் யோசிக்கலாம். நான்காவது கேள்வி பாக்கி. துணையாளருக்கு என்ன பயிற்சி, அவர் காதில் விழுந்ததை எப்படிப் பதிவது? தகவல் அனுப்ப வாட்ஸ்அப் சுத்தமாகவே கூடாதா? இன்னொன்று, பங்கேற்பாளர் "ஏதாவது ஆனா பணம் கிடைக்குமா?" என்று துணையாளரிடம் கேட்டால்?

---

அடிபாதம் எழுதியது:

வாட்ஸ்அப்: குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், அதனால் வேண்டாம். பிராட்காஸ்டில் தெரியாது, ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் போகும். சேர்க்கும் நாளிலேயே அவர் போனை வாங்கிச் சேமித்துக் கொடுங்கள். வரும் தேதி நினைவூட்டல் மட்டும் அனுப்புங்கள், "கால் புண்" என்ற சொல்லே வரக்கூடாது, போன் யார் கையில் இருக்குமோ.

பயிற்சி மூன்று அரைநாள். முதல் நாள் கால்: அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, விரலிடுக்கு, கால் ஆணி, கொப்புளம், வெந்நீர் ஒத்தடத்தால் வரும் சூட்டுக்காயம். செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. கல், ஆணி முனை, மடிந்த தோல் எல்லாம் மரத்துப்போன காலுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் பேச்சு. சொல்லக்கூடாத வாக்கியங்களைச் சொல்லிக் காட்டியே பழக்க வேண்டும்: "என் செருப்பு உங்களுதைவிட நல்லது", "இந்த மாத்திரைய நிறுத்திடுங்க", "எனக்கு இந்த எண்ணெய் போட்டு ஆறிச்சு", "விலகினா டாக்டர் வருத்தப்படுவார்". யாராவது விலகுகிறேன் என்றால் ஒரே பதில்: "உங்க இஷ்டங்க. கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லிடவா, இல்ல நீங்களே சொல்றீங்களா?" மூன்றாம் நாள் அபாயக் குறி.

அபாயக் குறி ஐந்து போதும், படத்தோடு ஒரு அட்டையில்: புதுப் புண், ஒரு கால் மட்டும் வீக்கமோ சூடோ, நாற்றம் அல்லது சீழ், காய்ச்சல், கருத்த விரல். ஐந்தில் ஒன்று காதில் விழுந்தால் அந்த மணி நேரமே கோஆர்டினேட்டருக்கு போன், ராத்திரியானாலும். மருந்து ஆய்வுகளில் கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், உங்கள் ஆய்விலும் அதே கடிகாரத்தை வையுங்கள். கால் தொற்றுக்கு அட்மிட் ஆனாலே அது கடுமையான பாதிப்புதான். துணையாளருக்குத் தெரிந்த நேரமே குழுவுக்குத் தெரிந்த நேரம் என்று புரோட்டோகாலில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை துணையாளருக்குத் தெரிந்தது, திங்கட்கிழமை உங்களுக்குத் தெரிந்தது என்று இரண்டு நாள் காணாமல் போகும்.

பதிவேடு ஒரு பக்கம், ஐந்து கட்டம்: தேதி, ஆய்வு எண், எத்தனை நிமிடம், அபாயக் குறி உண்டா, யாருக்குச் சொன்னார். பெயர் எழுத இடமே விடாதீர்கள், இடம் இருந்தால் எழுதுவார்கள். ஒரு துணையாளருக்கு எட்டு பேருக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை துணையாளர்களை மட்டும் உட்கார வைத்துப் பேசுங்கள். தான் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு விரல் எடுத்தார்கள் என்றால் அடுத்த வாரம் தன் காலையே தடவிக்கொண்டு இருப்பார்.

---

கையெழுத்துப்பக்கம் எழுதியது:

பணம் பற்றிக் கேட்டால் துணையாளர் தொகை எதுவும் சொல்லக்கூடாது. "தகவல் தாள் இந்தப் பக்கத்துல இருக்குங்க, வாங்க சேர்ந்து கேப்போம்" என்பது மட்டும். மருந்து ஆய்வில் மரணத்துக்கு 2019 விதிகளில் சூத்திரமே இருக்கிறது: 8 லட்சம், வயதுக் காரணி, 0.5 முதல் 4 வரையான ஆபத்துக் காரணி இவற்றைப் பெருக்கி 99.37-ஆல் வகுப்பது. 65 வயதில் ஆபத்துக் காரணி 1 என்றால் சரியாக 8 லட்சம் வரும். அந்தக் கணக்கை யாராவது செருப்பு ஆய்வுக்கு இழுத்து வந்து சொல்லி, ஊர் முழுக்க "எட்டு லட்சம்" என்று பேச்சானால் உங்களால் அடக்க முடியாது. உங்கள் ஆய்வில் காயத்துக்குச் சிகிச்சை யார் செலவில், எவ்வளவு நாள், இழப்பீடு யார் பொறுப்பு என்பது தகவல் தாளில் இரண்டு வரியாக இருக்க வேண்டும். இப்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். கமிட்டி ஐந்தாவது கேள்வியாக அதைக் கேட்கவில்லை, அடுத்த சுற்றில் கேட்கும்.

---

பி_மதிப்பு எழுதியது:

264 முடியாது என்றால் ஒரு வழி. துணையாளரை எடுக்க வேண்டாம், அளவுகோலை மாற்றுங்கள். "புண் வந்ததா இல்லையா" என்பதற்குப் பதில் "புண் வர எத்தனை நாள்" என்று எடுத்தால் அதே 176-இல் கொஞ்சம் கூடுதல் திறன் கிடைக்கும். 264-ஐ முழுதாக ஈடுகட்டாது. எந்த நாளில் புண் வந்தது என்பது துல்லியமாக வேண்டும், மாதம் ஒருமுறை பார்த்தால் வராது. துணையாளரின் அபாயக் குறித் தேதி அங்கே உதவும், ஆனால் அதையே முடிவாக எடுக்காதீர்கள். மூன்று நாளுக்குள் அசெஸர் பார்த்து உறுதி செய்த தேதியை எடுங்கள். வீட்டுச் செருப்பு பற்றி அடிபாதம் சொன்னதை முதலில் முடிவு செய்துவிட்டு என்னிடம் வாருங்கள், அதைப் பொறுத்து 40% என்ற எண்ணே மாறும்.